சைகோன் லைசென்சும் வலது கன்னத்துப் புழுதியும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையே,

வேறொரு தேசத்தில் மோட்டார் ஓட்டிப் பழகியவர் நம் ஊருக்கு வந்தால் அவருடைய லைசென்ஸ் இங்கே செல்லுமா, அவர் ஓட்டும் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்குமா என்று இந்நாளில் பலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதை வக்கீல்கள் சொல்வார்கள். எனக்கு நேர்ந்ததை மட்டுமே நான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் கற்றது சொற்பம். பஸ் நிற்கும் இடங்களில் கிடைத்த பத்திரிகைகளைப் படித்தே எழுதக் கற்றேன். ஆகையால் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

போலீஸ் ஆபீசில்

ஐரோப்பாவில் யுத்தம் மூண்ட மறுவருஷம் சித்திரை மாதத்தில் நான் சேலம் வந்து சேர்ந்தேன். அதற்கு முன் ஒன்பது வருஷம், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த சைகோன் பட்டணத்தில் ஓர் அரிசி மில்லின் லாரியை ஓட்டி வந்தேன். காரைக்காலில் இருந்த என் தாய்மாமன் வழியாகக் கிடைத்த வேலை அது. யுத்தத்தால் கப்பல் நின்றுவிடும் என்ற பேச்சு எழுந்தபோது என் மனைவி ஞானம்மாள், “பொழப்பு ஒரு கரையில, சொந்தம் ஒரு கரையிலன்னு ஆயிடப் போகுதுங்க. கப்பல் இருக்கறப்பவே போயிடலாம்” என்றாள். இரண்டு பெண் குழந்தைகளோடு புறப்பட்டோம்.

சேலத்தில் எங்களுக்கென்று வீடில்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஞானம்மாளின் தமையன் சவரிமுத்து தம் வீட்டின் முன்னறையை ஒழித்துக் கொடுத்தார். அவர் கடலைக்காய் மண்டி ஒன்றில் எடை போடுபவர். நல்ல மனிதர்.

“எத்தனை நாள் வேணாலும் இருங்க மாப்ளே. யாரு என்ன சொல்லப் போறாங்க?” என்பார். சிறிது நேரம் கழித்து, “டிரைவர் வேலை அமையலேன்னாலும் கவலைப்படாதீங்க. மண்டியில மூட்டை தூக்க ஆள் கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க” என்பார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆயினும் அதைக் கேட்ட இரவெல்லாம் எனக்கு முதுகு வலித்தது.

சேலம் வந்த மறுநாளே மாவட்டப் போலீஸ் ஆபீசுக்குப் போனேன். லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் அப்போது அவர்களிடம் இருந்தது. மோட்டார் செக்ஷன் குமாஸ்தா என் சைகோன் லைசென்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“படத்துல இருக்கறது நீதான். அது தெரியுது. எழுதியிருக்கறது இங்கிலீஷ் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. என்னய்யா இது?”

“பிரெஞ்சுங்க ஐயா.”

“பிரெஞ்சுக்கு நான் எங்கே போவேன்? மொழிபெயர்த்துக் கொண்டா. கொண்டாந்தாலும் நேரா லைசென்ஸ் கெடைக்காது, சொல்லிட்டேன். புதுச் சட்டம். இங்கே பரீட்சை குடுத்துத்தான் வாங்கணும்.”

எங்கள் மாதா கோயிலின் பங்குச் சாமியார் பிரான்சு தேசத்தவர். அவரிடம் சென்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் லைசென்சை ஏதோ ஊர்க்காரரைக் கண்டதுபோல மகிழ்ச்சியோடு படித்து, ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்டார். பிறகு கேட்டார்:

“அந்தோணிசாமி, நீ அங்கே வலது பக்கம் ஓட்டினாய், அல்லவா? எங்கள் ஊரும் அப்படித்தான். நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷம் சைக்கிளோடு போய் ஒரு வைக்கோல் வண்டிக்குள் புகுந்துவிட்டேன். வண்டிக்காரன் என்னை உருவி எடுத்தான்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“கூட்டத்தில் பயம் இல்லை, மகனே. கூட்டம் உன்னைச் சரியான பக்கம் தள்ளிவிடும். ஆள் இல்லாத வெறும் ரோட்டில்தான் மோசம்.”

ஒன்பது வருஷம் லாரி ஓட்டியவனுக்குச் சைக்கிள் ஓட்டுகிற சாமியார் புத்தி சொல்கிறாரே என்று எண்ணிக்கொண்டு விடைபெற்றேன்.

ரங்கூனா, சைகோனா

சேலம் நாமக்கல் ரோட்டில் பஸ் நடத்தி வந்த செல்லப்ப கவுண்டர் என்பவரிடம் எனக்கு வேலை கிடைப்பதாக இருந்தது. அவரிடம் பழைய பஸ் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. புதிய பஸ் ஒன்றைத் தவணைக் கடனில் வாங்கி, பாடி கட்டக் கொடுத்திருந்தார். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று அதற்கு மாலை போட்டு ரோட்டில் விட வேண்டும் என்பது அவர் உறுதி. அக்காலத்தில் இன்ஷூரன்ஸ் சட்டப்படி கட்டாயம் ஆகவில்லை. ஆயினும் கடன் கொடுத்தவர்கள், பாலிசி இல்லாமல் வண்டி ஷெட்டை விட்டு நகரக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார்கள்.

அதனால் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் சீனிவாசன் விண்ணப்பத்தோடு ஷெட்டுக்கு வந்தார். நானும் கூப்பிடப்பட்டு ஓரமாக நின்றேன். வண்டியின் விவரமெல்லாம் எழுதியான பின் ஏஜெண்ட், “டிரைவர் எங்கே பழகினவர்?” என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் கவுண்டர், “ரங்கூனுங்க” என்று சொல்லிவிட்டார். ரங்கூனில் நம் ஊரைப் போலவே இடது பக்கம்தான் ஓட்டுவார்கள்.

“இல்லீங்க முதலாளி, சைகோன்” என்றேன்.

ஏஜெண்டின் பேனா நின்றது. “சைகோனா? அங்கே வண்டி எந்தப் பக்கம் போகும்?”

“வலது பக்கம் ஐயா.”

கவுண்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏப்பா, ரங்கூனும் அக்கரை, சைகோனும் அக்கரை. எந்தக் கரையின்னு இந்தக் காயிதம் எந்திரிச்சு வந்து உன்னையக் கேக்குமா?”

“காயிதம் கேக்காதுங்க. விபத்து ஆனா கம்பெனி கேக்கும். அன்னிக்கு என் பழைய லைசென்சைப் பாத்துட்டு, பொய் எழுதினீங்க, நாங்க பொறுப்பில்லேன்னு சொல்லிட்டா, அடிபட்டவன் உங்க வீட்டு வாசல்லதான் வந்து நிப்பான்.”

“அவர் சொல்றது வாஸ்தவம் கவுண்டரே” என்றார் ஏஜெண்ட். “எழுதறது நான். நஷ்டம் வந்தா விசாரிக்கறது மெட்ராஸ்காரா. அவா கண்ணுக்கு எறும்பும் ஆனை.”

கவுண்டர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சிறிது நேரம் மென்றார். “செரி, சைகோன்னே எழுதுங்க. அந்தோணி, நீ நெசத்தச் சொன்னதுக்கு நான் சந்தோசப்படோணுமா வருத்தப்படோணுமான்னு எனக்கு இன்னுந் தெரியல. ஒண்ணு மட்டும் சொல்லிப்போடறன். ஆடிப் பதினெட்டுக்குள்ள உனக்கு லைசென்சும் என்ற பஸ்ஸுக்குப் பாலிசியும் வந்தாகோணும். வரலீன்னா கரூர்ல ஒருத்தனச் சொல்லி வெச்சிருக்கறன்.”

விண்ணப்பம் சென்னைக்குப் போயிற்று. கம்பெனியின் பதில், போலீஸ் பரீட்சையில் நான் தேறுவதைப் பொறுத்தது என்று ஏஜெண்ட் சொன்னார். ஆக, முன்னறையில் படுத்திருந்த நான்கு உயிர்களின் பிழைப்பும் ஒரு பரீட்சையில் வந்து நின்றது.

புதுச்சத்திரத்து வளைவு

கற்போர் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, பழைய பஸ்ஸில் ஒருநாள் வெள்ளோட்டம் புறப்பட்டேன். கவுண்டரிடம் லைசென்ஸ் உண்டு. ஆகவே அவரே என் அருகில் அமர்ந்தார். பிரயாணிகளை ஏற்றவில்லை.

சைகோனில் ஸ்டியரிங் வண்டியின் இடது பக்கம் இருக்கும். கியரை வலது கையால் போட வேண்டும். இங்கே இரண்டும் மாறி இருந்தன. ஷெட்டுக்குள் இரண்டே நாள் பழகியதில் கைகள் அதைக் கற்றுக்கொண்டன. கை கற்றதால் எல்லாம் கற்றாயிற்று என்று நான் நம்பிவிட்டேன். சேலத்தின் நெரிசலில் குதிரை ஜட்காக்களுக்கும் மாட்டு வண்டிகளுக்கும் இடையே ஒழுங்காக ஓட்டினேன். மல்லூரைத் தாண்டியும் குறையில்லை. கவுண்டர் திருப்தியோடு தலையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

புதுச்சத்திரத்தில் சற்று நிறுத்திவிட்டு, மறுபடியும் வண்டியை நாமக்கல் பக்கமாக மெயின் ரோட்டில் ஏற்றினேன். உச்சி வெயில். ரோட்டில் ஈ காக்கை இல்லை. சாமியார் சொன்ன வெறும் ரோடு அதுதான். வண்டி தானாகவே வலது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியது. நான் அதை உணரவில்லை. கவுண்டரும் அச்சமயம் ஜன்னல் வழியே தோட்டத்து வெள்ளாமையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வளைவு திரும்பினேன். நேர் எதிரே ஒரு பாரவண்டி.

பிரேக்கை மிதித்தேன். மாடுகளின் மூச்சு ரேடியேட்டரில் படும் தூரத்தில் பஸ் நின்றது. மூட்டைகளின் மேல் படுத்திருந்த வண்டிக்காரன் உருண்டு எழுந்தான். என்னைவிட இளையவன், தலையில் சிவப்புத் துண்டு. பெயர் நாச்சிமுத்து என்று பிறகு அறிந்தேன்.

“ஏனுங்க டைவரு, ரோட்டையக் கெரயம் பண்ணிப்போட்டீங்களா? முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க காட்டுக்குள்ளயே போயிருப்பமுங்களே!”

கவுண்டர் தலையை நீட்டி, “கோவிச்சுக்காதப்பா. ஆளு சைகோன்ல ஓட்டிட்டு வந்தவரு. அங்கெல்லாம் வலப் பக்கமாம்” என்றார்.

“அப்பிடிங்களா மொதலாளி? அப்ப அங்கயே ஓட்டச் சொல்லுங்க சாமி. என்ற மாடு பாருங்க, நான் தூங்கிப்போட்டாலும் அது ஓரத்த உடாது. மாட்டுக்கு இருக்கற நெனப்பு மனுசனுக்கு வேண்டாமுங்களா?”

கவுண்டர் என்னிடம் இரண்டே சொல் சொன்னார்: “எறங்கு. நவுரு.”

சேலம் வரையில் அவரே ஓட்டினார். ஷெட்டில் இறங்கியதும் சொன்னார்: “அன்னைக்கு ரங்கூன்னு எழுதியிருந்தா நான் கம்பெனிய ஏமாத்தியிருக்க மாட்டன். என்னையே ஏமாத்தியிருப்பன். இனி உன்னைய நீ சரி பண்ணிக்கிட்டு வா. எப்படிங்கறது உன்ற பாடு. என்ற பஸ்ஸ வெச்சுப் பழகாத. பரீட்சை அன்னைக்கு மட்டும் தாறன்.”

பழகுவதற்கு வண்டி இல்லாமல் ஒருவன் எவ்வாறு பழகுவது? அன்று இரவு ஞானம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் குழந்தைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, “அண்ணன் கேட்டா இப்ப எதுவும் சொல்லாதீங்க” என்றாள்.

மாற்றிப் பூட்டிய மாடு

மறுநாள் நானே சவரிமுத்துவோடு மண்டிக்குப் போனேன், மூட்டை தூக்கலாம் என்ற எண்ணத்தோடு. வாசலில் கடலைக்காய் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தான் நாச்சிமுத்து. என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டான்.

“வாங்க சைகோன் தொரை! நடந்து வரவும் வலப் பக்கந்தானுங்களா?”

மண்டிக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். அப்போதுதான் அவனுடைய மாடுகளைக் கவனித்தேன். இடது பக்கம் பூட்டியிருந்த செவலை மாடு நுகத்தடியில் நிலைகொள்ளாமல் கழுத்தைத் திருகிக்கொண்டே இருந்தது. வலது பக்கத்துச் சாம்பல் நிற மயிலை மாடு, அசையாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“இந்தச் செவலைக்கு என்ன? சண்டி மாடா?” என்று கேட்டேன்.

“சண்டியெல்லாம் இல்லீங்க. தங்கமான மாடு. தம்மம்பட்டிப் பக்கத்துல புடிச்சேன். அங்க அது வலத்து மாடுங்க, வலத்துல இழுத்தே வளந்தது. என்ற ஊட்டுல இடத்து மாடு செத்துப்போச்சு. வேற வழியில்லாம இத இடத்துல பூட்டியிருக்கறன். எடம் மாறுனதுல அதுக்குக் கண்ணு மண்ணு தெரியல. உங்களாட்டந்தான்னு வெச்சுக்குங்களேன்.”

“இது சரியாகுமா?”

“ஏனுங்க ஆகாது? வெறும் வண்டில பூட்டி, பக்கத்துல நெதானமான மாட்டையும் பூட்டி, கொஞ்ச நாளு ஓட்டோணும். அப்பறம் அரைப் பாரம். அப்பறம் முழுப் பாரம். எடுத்த எடுப்புல பாரத்த ஏத்திப்போட்டு, அடிச்சம்னா கெட்டுப்போயிரும்.”

அவன் மாட்டைப் பற்றித்தான் பேசினான். எனக்கோ, என்னைப் பற்றி வேறு யாரும் அதுவரை இத்தனை தெளிவாகப் பேசியதில்லை என்று தோன்றியது. என் கை கெட்டுப்போகவில்லை. அதன் இடம் மாறியிருந்தது, அவ்வளவே.

“நாச்சிமுத்து, திரும்பிப் போறப்போ வெறும் வண்டிதானே? என்னையும் ஏத்திக்கிட்டுக் கயிறை என் கையில குடுப்பியா?”

அவன் முதலில் விளையாட்டு என்று நினைத்தான். என் முகத்தைப் பார்த்தபின் விளையாட்டை நிறுத்தினான்.

“ஏறுங்க. கூலியெல்லாங் கெடையாதுங்க, கம்மஞ்சோறு உண்டு. ஆனா ஒண்ணு, செவலையும் நீங்களும் சண்டை போட்டுக்கக் கூடாது.”

அந்த வைகாசியிலும் ஆனியிலும் நான் பாரவண்டிக்காரனாக இருந்தேன். சேலத்தில் மூட்டை இறக்கக் கைகொடுப்பேன், வெறும் வண்டியைப் புதுச்சத்திரத்துக்கு ஓட்டிச் செல்வேன், பாரத்தோடு திரும்புவேன். முதல் பிரயாணத்தில், ஆளில்லாத ஓரிடத்தில் என் கை தானாக வலது கயிற்றை இழுத்தது. செவலை உடனே வலப்பக்கம் சாய்ந்தது. அதற்கும் அதே ஆசைதான். மயிலை அசையவே இல்லை. வண்டிக்குள் படுத்திருந்த நாச்சிமுத்து கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

“இழுக்காதீங்க. ரண்டு பேரு ஒரு பக்கம் சேந்தாலும் மயிலை உடாது. அதுக்கு உங்க ரண்டு பேரையும்விட ரோடு தெரியும்.”

வழியில் எதிர்ப்பட்ட வண்டிக்காரர்களுக்கெல்லாம் நான் வேடிக்கைப் பொருளானேன். “நாச்சிமுத்து, டைவர் வெச்சுக்கிட்டயா? ஆரன் எங்க?” என்பார்கள். “ஆரன் செவலைகிட்ட இருக்குது, வாலத் திருகுனா அடிக்கும்” என்பான் அவன்.

ஒருநாள் மாலை வீடு திரும்பியபோது ஞானம்மாள் என் முகத்தை விளக்கருகே திருப்பிப் பார்த்தாள். “என்னங்க இது, ஒரு கன்னம் மட்டும் செம்மண்ணு பூசினாப்ல இருக்கு? இன்னொரு கன்னம் கழுவி விட்டாப்ல இருக்கு?”

கையால் தடவிப் பார்த்தேன். வலது கன்னம் நறநறவென்றிருந்தது. மறுநாள் நாச்சிமுத்துவிடம் சொன்னேன். அவன் தன் முகத்தைக் காட்டினான்.

“வண்டிக்காரன் எவன வேணாலும் பாருங்க. எதுக்க வாரதும் வலப் பக்கம், முந்திப் போறதும் வலப் பக்கம். எல்லாப் புழுதியும் இந்தக் கன்னத்துக்குத்தானுங்க. எடது கன்னம் மாப்பிள்ளைக் கன்னம்.”

எனக்கு அதில் ஒரு விதி கிடைத்தது. இந்த ஊரில் என் வலது பக்கம் திறந்திருக்க வேண்டும். புழுதி அங்கேதான் வந்து விழ வேண்டும். வலது பக்கத்தில் வேலியோ மரமோ நெருங்கி நின்றால், நான் இருக்கும் இடம் தவறு. ரோட்டில் வேறு வண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பொருந்தும். அன்று முதல் வண்டியில் அமர்ந்தபடியே, யாருமில்லாத இடங்களில், என் வலது கன்னத்துக்கு நேரே என்ன இருக்கிறது என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நாளடைவில் பார்க்கத் தேவைப்படவில்லை. கன்னத்துக்கே தெரிந்துவிட்டது.

ஆனி முடியுமுன் செவலை முழுப் பாரத்தோடு தலை திருப்பாமல் சேலம் வந்து சேர்ந்தது. நாச்சிமுத்து அதன் முதுகில் தட்டி, “இவன் பாஸுங்க. இனி உங்க மொறை” என்றான்.

சார்ஜெண்டும் மாம்பழமும்

பரீட்சை நடத்தியவர் ஒரு சட்டைக்கார சார்ஜெண்ட், அதாவது ஆங்கிலோ இந்தியர். கனத்த சரீரம், சிவந்த முகம். தமிழை அவர் உத்தரவு போடுவதற்கு மட்டுமே வைத்திருந்தார். கவுண்டர் சொன்ன சொல் தவறாமல் பழைய பஸ்ஸைக் கொடுத்து, தாம் ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

“சைகோன் ஆள் நீதானா? ஏறு மேன்” என்றார் சார்ஜெண்ட். என் விண்ணப்பத்திலும் சைகோன் என்றே எழுதியிருந்தேன்.

கடைத்தெரு, மேடு, பின்னால் எடுப்பது, கைச்சைகை என்று எல்லாவற்றையும் செய்து காட்டினேன். நாமக்கல் ரோட்டில் சீலநாயக்கன்பட்டியைத் தாண்டியதும், ரோட்டின் வலது பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் மாம்பழக் குவியல் தெரிந்தது.

“அங்கே நிறுத்து. அந்த மரத்துக்கிட்டே.”

“ரோட்டுக்கு அந்தப் பக்கமாங்க ஐயா?”

“அந்தப் பக்கந்தான். சொன்னா செய், மேன்.”

வலது ஓரத்தில் மரத்தை ஒட்டி நிறுத்தினேன். சார்ஜெண்ட் இறங்கிப் போய், ஒவ்வொரு பழமாக முகர்ந்து பார்த்தார். பழக்காரி, “தொரை, மோந்து பாக்கறதுக்கும் காசுதானுங்க. மோந்தே பாதி வாசத்த எடுத்துப்போட்டீங்க” என்றாள். அவர் பேரம் பேசி, காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து, ஒரு பழத்தைக் கடித்தபடியே அமர்ந்தார்.

“போ” என்றார்.

எஞ்சினை எடுத்தேன். முன்னால் ரோடு கானல் ஓடிக் கிடந்தது. போவாரும் இல்லை, வருவாரும் இல்லை. நான் நிற்கும் ஓரம் சைகோனில் என் ஓரம். ஒன்பது வருஷம் இவ்வாறு நின்ற இடத்திலிருந்து நேரே புறப்பட்டவன் நான். முதல் கியர் போட்டு வண்டியை நகர்த்தினேன்.

அப்போது புளியமரத்தின் தாழ்ந்த கிளை ஜன்னல் வழியே நுழைந்து என் வலது கன்னத்தில் உரசியது.

இலை. அங்கே இலை இருக்கக் கூடாது. அங்கே புழுதி இருக்க வேண்டும். யோசித்து நான் இதைச் செய்யவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்ததும், கையை நீட்டியதும், ரோட்டைக் கடந்து இடது ஓரத்தைப் பிடித்ததும் ஒரே மூச்சில் நடந்தன. வண்டி நேரான பின்புதான் என் முதுகு வியர்த்திருப்பதை உணர்ந்தேன்.

சார்ஜெண்ட் மாங்கொட்டையைச் சப்பி ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். “சைகோன்ல ரைட் சைட், இல்லே?”

“ஆமாங்க ஐயா.”

“ம்.”

ஆபீஸ் வாசலில் இறங்கும்போது பொட்டலத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்து ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் என்னைச் சோதிப்பதற்காக அங்கே நிறுத்தச் சொன்னாரா, மாம்பழத்துக்காக நிறுத்தச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. லைசென்ஸ் அந்த வாரமே கைக்கு வந்தது. பழத்தை என் பெண்கள் இருவரும் பங்கு போட்டுத் தின்றார்கள்.

கம்பெனியின் பதில்

சென்னையிலிருந்து பதிலும் வந்தது. பாலிசி தருவதாகவும், முதல் வருஷத்தில் விபத்து நேர்ந்தால் நஷ்டத்தில் ஒரு பகுதியை உரிமையாளர் ஏற்க வேண்டும் என்றும் கண்டிருந்தது. “உன்ற சைகோனுக்கு நான் கப்பங் கட்டோணுமா?” என்று கவுண்டர் முணுமுணுத்தார். ஆனால் கையெழுத்திட்டார். கரூர்க்காரருக்கு ஆள் அனுப்பி, வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

சைகோன் என்று எழுதிய அந்த உண்மையின் மதிப்பு சில வருஷம் கழித்தே தெரிந்தது. ராசிபுரம் பிரிவு ரோட்டில் ஒரு கார், முந்த முயன்று என் பஸ்ஸின் பக்கத்தைக் கிழித்தது. காரின் சொந்தக்காரருடைய வக்கீல் குமாஸ்தா எங்கிருந்தோ விசாரித்துக்கொண்டு வந்து, “இந்த டிரைவர் வலது பக்கம் ஓட்டிப் பழகினவர். அதை மறைச்சு வெச்சிருக்காங்க” என்று பெரிய ரகசியத்தைப் போலச் சொன்னார். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்திருந்தவர், “மறைக்கலியே. எங்களுக்கு முதல் நாளே தெரியும். வேறே ஏதாவது இருந்தா சொல்லுங்கோ” என்றார். குமாஸ்தா தம் காகிதங்களைக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

ஆடிப் பதினெட்டு

புதிய பஸ்ஸுக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். நான் என் வழக்கப்படி சிலுவை போட்டுக்கொண்டு ஏறினேன். காவேரிக்குப் போகும் கூட்டம் பஸ் கொள்ளாமல் இருந்தது. முன் ஸீட்டில் கவுண்டர். அவர் அன்று ஜன்னல் வழியே வெள்ளாமையைப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

புதுச்சத்திரத்து வளைவை நெருங்கியபோது அவர் கை முன்கம்பியைப் பற்றியது. வேகத்தைக் குறைத்துத் திரும்பினேன். எதிரே ஒரு பாரவண்டி வந்துகொண்டிருந்தது. இடத்தில் செவலை, வலத்தில் மயிலை. இரண்டும் தலையைத் தொங்கவிட்டுத் தங்கள் ஓரத்தில் நடந்தன. மூட்டைகளின் மேல், சிவப்புத் துண்டை முகத்தில் பாதி போட்டுக்கொண்டு நாச்சிமுத்து தூங்கிக்கொண்டிருந்தான்.

“ஆரன் அடி” என்றார் கவுண்டர்.

“வேண்டாங்க முதலாளி. மாடு பாத்துக்கும்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கையைக் கம்பியிலிருந்து எடுத்தார். இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று கடந்தன. அவனுடைய சக்கரம் கிளப்பிய புழுதி என் வலது கன்னத்தில் வந்து விழுந்தது. என்னுடையது, துண்டு மூடாத அவன் வலது கன்னத்தில் விழுந்திருக்கும்.

பிற தேசம் சென்று வண்டி ஓட்டுகிறவர்களுக்கும், அங்கிருந்து திரும்பி வருகிறவர்களுக்கும் நான் சொல்லக்கூடியது இதுவே. எந்தப் பக்கம் பழகினீர்களோ அதை லைசென்ஸ் ஆபீசிலும் இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்திலும் உள்ளபடி எழுதுங்கள். எழுதிய பின், பாரம் ஏற்றுவதற்கு முன், வெறும் வண்டியில் பழகுங்கள்.

ஐயா, அம்மையே, இக்குறிப்பு தங்களுக்குப் பயன்படாவிடினும் கிழித்துவிட வேண்டாம். வீட்டில் லைசென்ஸ் வைக்கும் பெட்டியில் ஓரமாகப் போட்டு வையுங்கள். என்றேனும் ஒருவர் தூரதேசத்திலிருந்து வந்து, ஆளில்லாத ரோட்டில் வண்டியை எடுக்க நேரிடும்.